மார்க்கர் டிரிகர்: கனமா, நீளமா, அழுக்கா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். நண்பரிடமிருந்து பழைய எலெக்ட்ரானிக் பெயிண்ட்பால் மார்க்கர் (சாயக்குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) ஒன்றை வாங்கினேன். டிரிகர் கனமாக இருக்கிறது. கொஞ்ச நேரம் விளையாடினாலே விரல் வலிக்கிறது. ஆனால் சில சமயம் ஒரு முறை இழுத்தால் இரண்டு குண்டு போகிறது. டிரிகரில் உள்ள சின்னத் திருகுகளைத் தளர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். பழுதுபார்க்க ஈப்போவுக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே செய்ய முடியுமா? அண்ணனிடம் ஒரு டிப்மன் 98 மார்க்கர் இருக்கிறது. அதற்கும் இதே முறைதானா?

பதில்:

முடியும், தம்பி. ஆலன் சாவிகளும் (அறுகோண முனைச் சாவிகள்) நல்ல வெளிச்சமும் ஒரு மாலைப் பொழுதும் போதும். ஆனால் உங்கள் கேள்வியிலேயே ஒரு முரண் இருக்கிறது. டிரிகர் கனம் என்கிறீர்கள். ஒரே இழுப்பில் இரண்டு குண்டு போகிறது என்றும் சொல்கிறீர்கள். இரட்டைச் சூடு பெரும்பாலும் டிரிகர் அளவுக்கு மீறி இலகுவாக இருப்பதால் வருவது. கனமான டிரிகரிலும் அது வருகிறது என்றால், உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் சுவிட்ச் தட்டும் இடத்தை மிக விளிம்பில் வைத்துவிட்டு, அதனால் வந்த இரட்டைச் சூட்டை மறைப்பதற்காக டிரிகர் திரும்பும் விசையை ஏற்றியிருக்கக்கூடும். கைமாறி வரும் மார்க்கர்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். இந்த நிலையில் கனத்தை மட்டும் குறைத்தால், மறைந்திருந்த கோளாறு முழுதாக வெளியே வரும். ஆகவே நண்பர் சொன்னபடி எடுத்த எடுப்பில் திருகைத் தளர்த்தாதீர்கள்.

திருகைத் தொடுவதற்கு முன் அனுமதிக் காகிதத்தைச் சரிபாருங்கள். காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கிகளையும் மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது. நம் நாட்டில் அந்தச் சட்டத்தோடு விளையாட முடியாது. நண்பரிடம் காசு கொடுத்து வாங்கியதாலேயே மார்க்கரை வீட்டில் வைத்திருக்கலாம் என்று ஆகிவிடாது. அனுமதி யார் பெயரில் இருக்கிறது, கைமாறியதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மாவட்டப் போலீஸ் தலைமையகத்திலும் நீங்கள் விளையாடும் களத்தின் நிர்வாகத்திடமும் நேரில் கேளுங்கள். அந்த விஷயம் தெளிவாகும்வரை மார்க்கரைக் களத்திலேயே ஒப்படைத்து, அங்குள்ள மேசையிலேயே இந்த வேலையைச் செய்வது உத்தமம். லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து துப்பாக்கி வடிவத்தில் ஒன்றைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தால் எதிர்வீட்டு அக்கா என்ன நினைப்பார் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது காற்று. குண்டுத் தொட்டியான ஹாப்பரைக் கழற்றிக் குண்டுகளை முழுவதும் வெளியேற்றுங்கள். குழலுக்கு உறை போடுங்கள். காற்றுக் கலனைக் கழற்றிய பிறகும் மார்க்கருக்குள் ஒன்றிரண்டு சூட்டுக்கான அழுத்தம் தேங்கி நிற்கும். பாதுகாப்பான திசையில் பிடித்து அதையும் சுட்டுத் தீருங்கள். 17 மி.மீ. விட்டமும் ஏறத்தாழ 3 கிராம் எடையும் உள்ள குண்டு நொடிக்கு 300 அடி, அதாவது சுமார் 91 மீட்டர் வேகத்தில் போகிறது. கண்ணில் பட்டால் பார்வை போகும். காற்று இணைத்துச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் முகக்கவசம் போடுங்கள், குண்டு இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தாலும்.

இப்போது டிரிகரைக் கழற்றுங்கள். கழற்றியவுடன் உங்கள் கனத்தில் பாதி அங்கேயே ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். நம் பக்கத்துக் களங்கள் எல்லாம் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்திலோ பழைய பால்மரக் காட்டிலோதான் இருக்கின்றன. அந்தச் செம்மண் தூள், வியர்வை, உடைந்த குண்டின் சாயம் மூன்றும் சேர்ந்து டிரிகர் தொங்கும் ஊசியைச் சுற்றிப் பசைபோல உறைந்துவிடும். சாயம் நீரில் கரையக்கூடியது; ஈரத்துணியும் பழைய பல்துலக்கியும் போதும். மின்பலகை இருக்கும் பகுதியில் மட்டும் ஈரம் படவிடாமல் பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். துரு ஏறியிருந்தால் 1000 அல்லது 2000 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். பிறகு அதற்கு ஒரு பொட்டு தையல் இயந்திர எண்ணெய் போதும். கனமான கிரீஸ் பூசினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுபடியும் செம்மண்ணைச் சேர்த்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆகப் பிசினாகிவிடும். துரு நீக்கும் தெளிப்பான்களை ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) இருக்கும் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ரப்பர் ஊதிப்போகும். காற்றுக் கலனில் காற்று நிரப்பும் வாயில் எந்த எண்ணெயும், ஒரு துளிகூட, படக்கூடாது. உயர் அழுத்தக் காற்று பாயும்போது எண்ணெய் தீப்பற்றும்.

டிரிகர் பக்கவாட்டில் ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் இருபுறமும் மெல்லிய வாஷர் வைக்கலாம். சுத்தம் செய்து பூட்டிய பிறகு ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். சிலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் திருகுகளுக்கு வருவோம். எலெக்ட்ரானிக் மார்க்கரின் டிரிகரில் பொதுவாக நான்கு வேலைகளுக்குத் திருகுகள் இருக்கும். எல்லா மாடலிலும் நான்கும் இருக்காது. டிரிகர் முன்னால் எவ்வளவு தூரம் வர வேண்டும் என்பதை ஒன்று தீர்மானிக்கிறது. பின்னால் எங்கே நிற்க வேண்டும் என்பதை இன்னொன்று. மூன்றாவது, சுவிட்சைத் தட்டும் இடத்தை மாற்றும். நான்காவது, டிரிகரை முன்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங்கை இறுக்கும் அல்லது காந்தத்தை நெருக்கும். நீங்கள் கனம் என்று சொல்வது நான்காவதன் வேலை. ஆனால் விரலைக் களைப்படையச் செய்வது பல சமயம் முன்னிரண்டும் சேர்ந்து உண்டாக்கும் நீளம். சுவிட்சைத் தொடும் முன் வெறும் பயணம், தொட்ட பின்னும் வெறும் பயணம். இந்த நீளத்தைக் குறைத்தால், கனத்தைத் தொடாமலேயே டிரிகர் இலகுவானதாகத் தோன்றும்.

எந்தத் திருகையும் அசைக்கும் முன், அதை உள்ளே முட்டும்வரை மெல்லத் திருப்பி எத்தனை சுற்று ஆனது என்று எண்ணி எழுதிக்கொண்டு, அதே எண்ணிக்கையில் திரும்ப வெளியே எடுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப வழி இருந்தால்தான் கை நடுங்காமல் வேலை செய்ய முடியும். ஆலன் சாவியின் அளவு முக்கியம். சில மார்க்கர்கள் மி.மீ. கணக்கு, சில அங்குலக் கணக்கு. கிட்டத்தட்டப் பொருந்தும் சாவியால் திருப்பினால் திருகின் தலை வழுக்கிப்போகும். பிறகு அதை எடுப்பதே தனி வேலையாகிவிடும். கைப்பிடிக்குக் கீழோ பின்னாலோ இருக்கும் பெரிய திருகு டிரிகருடையது அல்ல. பெரும்பாலும் அது காற்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் அழுத்தத்தை மாற்றுவது. அதைத் தொட்டால் குண்டின் வேகம் மாறும். கையேட்டின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பின் நிறுத்தம். காற்று இல்லாமல், மின்சாரத்தை மட்டும் இயக்கி, டிரிகரை மெதுவாக இழுங்கள். மைக்ரோ சுவிட்ச் என்றால் 'டிக்' என்று கேட்கும்; ஒளிக்கதிர் சுவிட்ச் என்றால் சத்தம் வராது, பலகையின் விளக்கோ திரையோ காட்டும். பின் திருகை, டிரிகர் சுவிட்சைத் தட்ட முடியாத அளவுக்கு உள்ளே கொண்டுபோங்கள். பிறகு தட்டத் தொடங்கும்வரை வெளியே எடுங்கள். அதற்கு மேல் கால் சுற்று கூடுதலாக விடுங்கள். இந்தக் கால் சுற்றைக் கஞ்சத்தனமாகக் குறைப்பவர்களின் மார்க்கர்தான் ஆட்டத்தின் நடுவில் சுட மறுக்கும். தூசு ஒரு துகள் புகுந்தாலே அந்த இடைவெளி அடைபட்டுவிடுகிறது.

அடுத்து முன் நிறுத்தம். திருகை உள்ளே செலுத்திக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் சுவிட்ச் தானாகவே தட்டப்பட்டு விடுபடாமல் நிற்கும். அங்கிருந்து வெளியே எடுங்கள். சுவிட்ச் விடுபட்ட பின் குறைந்தது அரைச் சுற்று கூடுதலாக விடுங்கள். உங்கள் இரட்டைச் சூட்டுக்குக் காரணம் இங்கே இருக்க வாய்ப்பு அதிகம். டிரிகர் ஓய்வில் இருக்கும் இடமும் சுவிட்ச் விடுபடும் இடமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், மார்க்கர் சுடும்போது ஏற்படும் அதிர்விலேயே சுவிட்ச் மறுபடி தட்டிக்கொள்ளும். உங்கள் விரல் ஒரு முறைதான் இழுத்தது. சுவிட்ச் இரண்டாக எண்ணிவிட்டது. சுவிட்ச் தட்டும் இடத்தை மாற்றும் மூன்றாவது திருகு உங்கள் மாடலில் இருந்தால், பயணத்தின் நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். அதை மாற்றினால் முன் சொன்ன இரண்டையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

கனம் கடைசியில்தான். நீளம் சரியான பிறகு, திரும்பும் விசையைக் கால் சுற்று, கால் சுற்றாகக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் விரலை மெதுவாக விட்டுப் பாருங்கள்: டிரிகர் உங்கள் விரலைத் தள்ளிக்கொண்டு முன்னே வர வேண்டும். விரலுக்குப் பின்னால் சோம்பலாக ஊர்ந்து வந்தால் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள் என்று பொருள். மார்க்கரைத் தலைகீழாகப் பிடித்தும் இதைச் சோதியுங்கள்.

இன்னொரு விஷயத்துக்குத் திருகே தேவையில்லை. பெரும்பாலான மார்க்கர்களில் டிரிகர் மேல்முனையில் ஊசியில் தொங்குகிறது. விரலை மேலே வைத்து இழுத்தால் அதிக பலம் வேண்டும். கீழ்முனையில் வைத்தால் பயணம் கொஞ்சம் கூடும், பலம் குறையும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் விரலை மேலே கொண்டுபோய்த் திணிப்பதைப் பார்க்கிறேன். உங்கள் விரல் வலிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனிச் சோதனை. காற்றை இணைத்து, குண்டு இல்லாமல், குழல் உறையோடு. ஹாப்பர் இல்லாதபோது சுட மறுக்கும் மார்க்கர் என்றால் குண்டைக் கண்காணிக்கும் கண்ணை அணைத்துவிடுங்கள். ஒற்றைச் சூட்டு முறையில் வைத்து, டிரிகரை மிக மிக மெதுவாக அழுத்துங்கள். வேகமாக இழுக்கும்போது ஒளிந்துகொள்ளும் இரட்டைச் சூடு மெதுவாக அழுத்தும்போது அகப்பட்டுவிடும். பிறகு கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு அதையே செய்யுங்கள். டிரிகரைத் தொடாமல் மார்க்கரின் பின்பக்கத்தையும் பக்கங்களையும் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். ஒரு தடவையாவது தானாகச் சுட்டால் முன் நிறுத்தத்தை இன்னும் வெளியே எடுங்கள், விசையைக் கொஞ்சம் ஏற்றுங்கள். இதில் சமரசம் கிடையாது. தட்டினால் சுடும் மார்க்கரோடு களத்துக்குள் வரும் எவரையும் நான் உள்ளே விடுவதில்லை, அவர் எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும்.

மின்பலகையில் டிபவுன்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கும். சுவிட்ச் ஒரு முறை தட்டிய பின் எத்தனை மில்லி நொடிகளுக்கு அடுத்த தட்டலைக் கண்டுகொள்ளக்கூடாது என்பதை அது தீர்மானிக்கிறது. அதைக் கூட்டினால் இரட்டைச் சூடு அடங்கும். ஆனால் திருகில் உள்ள குறையை டிபவுன்ஸால் மூடுவது, உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் காந்தத்தால் மூடியதற்குச் சமம். முதலில் திருகுகள், மிச்சம் மீதி இருந்தால் டிபவுன்ஸ். ரேம்பிங் முறை இயங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குறிப்பிட்ட வேகத்தில் இழுக்கத் தொடங்கினால் மார்க்கர் தானாகவே குண்டுகளைக் கூட்டிச் சுடும் முறை அது. பழைய மார்க்கரில் முன்னவர் வைத்துவிட்டுப் போன ரேம்பிங்கைக் கோளாறு என்று நினைத்துத் திருகோடு மல்லுக்கட்டுபவர்கள் உண்டு. 9 வோல்ட் பேட்டரியையும் புதிதாக மாற்றிவிட்டுத்தான் எந்த முடிவுக்கும் வர வேண்டும். தளர்ந்த பேட்டரியில் சோலினாய்டு (மின்சாரத்தால் இயங்கிச் சுடவைக்கும் பாகம்) ஒழுங்காக இயங்காது. பழி டிரிகர் மேல் விழும்.

எல்லாம் திருப்தியானதும் திருகு அதிர்வில் நகராமல் இருக்க நீல நிற லாக்டைட் என்ற திருகுப் பசை ஒரு புள்ளி. சிவப்பு வேண்டாம், அது வெப்பம் காட்டினால்தான் விடும். நீலம் கிடைக்கவில்லை என்றால் அக்காவின் நகப்பூச்சு போதும்.

அண்ணனின் டிப்மன் 98 வேறு வகை. அதில் சுவிட்ச் கிடையாது. உள்ளே ஸ்பிரிங்கின் முழு அழுத்தத்தோடு நிற்கும் சுத்தியலைச் சியர் என்ற கொக்கி பிடித்துவைத்திருக்கிறது. டிரிகர் அந்தக் கொக்கியை விடுவிக்கிறது. சுட்ட குண்டின் வாயுவில் ஒரு பங்கு சுத்தியலைப் பின்னால் தள்ள, கொக்கி மறுபடி பிடித்துக்கொள்கிறது. அந்தக் கனம் கொக்கியின் உராய்வோடு பிறந்தது. அதை எலெக்ட்ரானிக் மார்க்கர்போல ஆக்க நினைப்பது வீண். கழற்றும் முன் காற்றை நீக்கி, பின்னிழுப்புக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு டிரிகரை இழுத்து, சுத்தியலை மெதுவாக முன்னே விட்டு ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள். பிறகு சுத்தம், ஊசிகளைப் பளபளப்பாக்குதல், டிரிகரும் சியரும் உரசும் பரப்பை மிக மெல்லிய உப்புத்தாளால் வழவழப்பாக்குதல். இவ்வளவுதான் வீட்டு வேலை. பால்மரம் சீவுபவர் பட்டையைத்தான் சீவுவார்; உள்மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சுவிட்டுப் பாழாகிவிடும். சியரும் அப்படித்தான்: மேல் சொரசொரப்பை எடுக்கலாம், கொக்கி விளிம்பின் கோணத்தை மாற்றக்கூடாது. கோணம் மழுங்கினால் சுத்தியல் நிற்காது. விரலை எடுத்த பின்னும் மார்க்கர் சுட்டுக்கொண்டே இருக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். பேனா ஸ்பிரிங்கைப் பொருத்திப் பெருமைப்படுபவர்களையும் பின்பற்றாதீர்கள். இலகுவான டிரிகர் ஸ்பிரிங் வேண்டுமென்றால் அந்த மாடலுக்கு என்றே விற்பதை வாங்குங்கள். பக்கவாட்டில் உள்ள வேகத் திருகை டிரிகருக்கு உரியது என்று நினைத்துத் திருப்பிவிடாதீர்கள்.

அண்ணனின் மார்க்கர் தடதடவென்று தானாகச் சுடுகிறது என்றால், சியரைச் சந்தேகிக்கும் முன் கலனைப் பாருங்கள். வாயு தீரும் தறுவாயில் சுத்தியல் முழுதாகப் பின்னால் போகாது. கொக்கி பிடிக்கும் முன்பே திரும்பிவிடும். கலனை நிரப்பினால் நின்றுவிடும். கரியமில வாயுக் கலன் என்றால் நம் வெயிலையும் கணக்கில் சேருங்கள்: 21 பாகை செல்சியஸில் 850 பிஎஸ்ஐ அளவில் இருக்கும் அழுத்தம், 30 பாகையில் ஆயிரத்தைத் தாண்டுகிறது. காலையில் அளந்த குண்டின் வேகம் மதியத்தில் அப்படியே இருக்காது. சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி அளந்துவிட்டு விளையாடச் சொல்லுங்கள்.

யாராவது ஆட்டோகாக்கர் என்ற வகை மார்க்கரைக் கொண்டுவந்து உங்களிடம் நீட்டினால், டிரிகர் பயணத்தைக் குறைக்கிறேன் என்று இறங்கிவிடாதீர்கள். அதில் ஒரே இழுப்பு இரண்டு வேலை செய்கிறது: முதலில் சுத்தியலை விடுவிக்கும், தொடர்ந்து வால்வை நகர்த்திச் சுத்தியலைப் பின்னிழுக்கும். பின் நிறுத்தத்தைச் சுருக்கினால் சுடும், ஆனால் அடுத்த குண்டுக்கு முழுதாகத் தயாராகாது.

எவ்வளவு இலகுவாக்க வேண்டும் என்பதில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. லங்காவியில் நடந்த ஆசியப் பெயிண்ட்பால் போட்டிகளைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் எல்லாரும் மூச்சு பட்டாலே சுடும் டிரிகர் கேட்டார்கள். 1981ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷியர் மாநிலத்தில் 12 பேர் விளையாடிய முதல் பெயிண்ட்பால் ஆட்டத்தில் பயன்பட்டது, மரங்களுக்கும் மாடுகளுக்கும் சாய அடையாளம் இடுவதற்காகச் செய்யப்பட்ட நெல்ஸ்பாட் துப்பாக்கி. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தயார் செய்ய வேண்டும். காட்டிலாகா வேலை தெரிந்த ஒருவர்தான் அன்று வென்றார், ஒரு குண்டுகூடச் சுடாமல். செம்பனை மரத்துக்குப் பின்னால் மறைந்து நகரும் நம் ஊர் ஆட்டத்துக்கு, விரல் வைத்தால் தெரியும் அளவுக்குக் கொஞ்சம் விசை இருக்கும் டிரிகரே நல்லது. ஓடும்போது, விழும்போது, கையுறை உரசும்போது அது சுடாது.

இவ்வளவும் செய்த பிறகும் இரட்டைச் சூடு நிற்கவில்லை என்றால், மைக்ரோ சுவிட்ச் தேய்ந்திருக்கக்கூடும். அப்போது திருகுகளை விட்டுவிடுங்கள். பலகையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, கைப்பேசி பழுது பார்க்கும் கடைக்குப் போங்கள். பழைய சுவிட்சின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதே வகையை வாங்கிக்கொடுத்தால், பற்றவைக்கத் தெரிந்தவருக்குச் சிறிது நேர வேலை. புதிய சுவிட்ச் பழையதைவிடக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ தட்டும். பூட்டியதும் பின் நிறுத்தத்திலிருந்து அளவுகளைத் திரும்ப வையுங்கள்.